ரெண்டு பேர் வண்டி எப்படி இருக்கணும்னா

அப்படி வெடுக்குனு இழுத்தா வராதும்மா. சீட் பெல்ட்டக் கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழுக்கணும். ஆங், வந்துருச்சா. கால நல்லா நீட்டிக்கங்க. அந்த ஓரத்துல மட்டும் அழுத்தி மிதிக்காதீங்க, தகடு மெல்லிசாப் போயிருச்சு. கீழ ரோடு தெரியுதா? தெரியும். அம்பது வருஷத்து வண்டி, அவ்வளவு காத்து வரத்தான் செய்யும்.

போன்ல ரெக்கார்டு போட்டுட்டீங்களா? கொஞ்சம் பொறுத்துப் போடலாமே. இல்ல, பரவால்ல, போட்டது போட்டதா இருக்கட்டும்.

சரி, என்ன கேட்டீங்க? புது வண்டி எப்படி இருக்கணும்னு. அதுக்குத்தானே லெட்டர் போட்டீங்க. டன்ஸ்மோர் கார் கம்பெனி பேர வாங்கி மறுபடி நடத்துறோம், சாதாரண சனம் வாங்குற விலையில ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு கொண்டுவரப் போறோம், பழைய டெஸ்ட் டிரைவருங்கள்ல இப்ப இருக்குறது நீங்க ஒருத்தர்தான், உங்க யோசனை வேணும்னு. மரியாதையாத்தான் எழுதியிருந்தீங்க இமோஜன். ஆனா இருக்குறது நீங்க ஒருத்தர்தான்னு படிச்சதும் எனக்கு டீ எறங்கல.

இப்படி இருக்கணும்மா. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இப்படி. கையத் தொங்கவிட்டா ரோடு தட்டும்போல இல்ல? இடுப்பு தரைக்குப் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் முப்பது மைல்ல போனாலும் அறுபதுல போற மாதிரி இருக்கும். இப்ப வர்ற வண்டிங்க நூறுல போனாலும் சோபாவுல சாஞ்சு டிவி பாக்குற மாதிரி இருக்கு. எதுக்கு அந்த வேகம்? யாருக்குத் தெரியுது அது?

இருங்க, இந்த டிராக்டரத் தாண்டிக்குறேன். ம்ம். பயந்துட்டீங்களா? கண்ண மூடிக்கிட்டீங்க. பாத்தேன்.

எடைதான்மா எல்லாம். தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல ஒரு கிலோ ஏறுச்சுன்னா, அத ஏத்தினவன நிக்கவச்சு ஏன்னு கேக்கணும். பேட்டரி வண்டியா? சரி, பேட்டரியே வைங்க. நான் ஒண்ணும் பெட்ரோல் வாசனைய மோந்துக்கிட்டுக் கெடக்குற கிழவன் இல்ல. ஆனா சின்ன பேட்டரி. ரெண்டு சீட்டு வண்டிய எடுத்துக்கிட்டு எவன் ஒரே மூச்சுல ஸ்காட்லாந்துக்குப் போறான்? ஞாயித்துக்கிழமை கடற்கரை வரைக்கும் போவான், மீனும் சிப்ஸும் வாங்கித் தின்னுட்டு வேடிக்கை பாப்பான், அந்த நேரத்துல சார்ஜ் ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வருவான். அவ்வளவுதானே. முந்நூறு மைல் பேட்டரியச் சுமந்துக்கிட்டு முப்பது மைல் போறது, சமையக்கட்டுக்குப் போக மூட்டை கட்டுன மாதிரி.

கூரையா? துணிக்கூரை. சிவப்பு விளக்குல நிக்கும்போது ஒத்தக் கையால பின்னாடி தள்ளிவிடணும், பச்ச விழறதுக்குள்ள. மோட்டாரு, பொத்தான், ஒண்ணும் வேணாம். அந்தப் பெரிய கண்ணாடித் திரையும் வேணாம். சூடு வேணும்னா ஒரு திருகு, காத்து வேணும்னா ஒரு திருகு. கையுறை போட்டுக்கிட்டே திருகணும். எழுதிக்கங்க.

விலை... நீங்க இப்ப என்ன வச்சிருக்கீங்க? அம்பத்தஞ்சாயிரம் பவுண்டா! ஏம்மா, சாதாரண சனம்னு லெட்டர்ல யாரச் சொன்னீங்க? டாக்டருங்களையா? எங்க காலத்துல இந்த லின்னெட் வண்டிய யாரு வாங்குனா தெரியுமா? நர்ஸ் வேலை பாக்குற பொண்ணுங்க, ஸ்கூல் வாத்தியாரு, பேங்குல டைப் அடிக்குறவங்க. ஒரு தபால்காரரு ஆரஞ்சுக் கலருல வச்சிருந்தாரு, தெருவே அவரப் பாத்துப் பொறாமைப்படும். அந்த மாதிரி ஆளுக்கு எட்டலேன்னா அது ஸ்போர்ட்ஸ் காரே இல்ல. நகை.

ஏன் அவ்வளவு ஆச்சு? பின்பக்கத்த மாத்துறதாலயா? ஓ.

இல்ல, கேட்டுச்சு. காத்துல கேக்காம இல்ல.

இந்த ரவுண்டானாவுல கொஞ்சம் இறுக்கமாத் திரும்பும், கதவப் புடிச்சுக்கங்க.

சாப்பாட்டுக்கா? போறோம்மா, போறோம். கெனில்வொர்த்துல ஒரு நல்ல பப் இருக்கு, அங்க சுடுற கறி பை நல்லாருக்கும். இப்பத்தானே பன்னெண்டு. ஆமா, அந்தச் சர்ச்சத் தாண்டித்தான் வந்தோம். அதே சர்ச்தான். ஒரு தடவை சும்மா சுத்தி வந்தேன், வண்டி எப்படித் திரும்புதுன்னு நீங்க பாக்கணும்ல.

லெஸ்ஸப் பத்திச் சொல்லட்டுமா? லெஸ் வாட்லிங். எங்க கம்பெனியில இஞ்சினியரு. எனக்கு ஏழு வயசு மூத்தவன், ஆனா வாடா போடாதான். நீங்க இப்ப செய்ய நினைக்குறத அவன் எழுபத்தொம்பதுலயே செஞ்சுட்டாம்மா. லின்னெட்டுக்கு வயசாயிருச்சு, புதுசா ஒண்ணு வேணும், காசு கெடையாதுன்னு மேல சொல்லிட்டாங்க. சரின்னுட்டு இவன் என்ன பண்ணான், குடோன்ல கெடந்த சாமானையே பொறுக்குனான். இஞ்சின் எங்க சின்ன வண்டியோடது. பின் சக்கரத்து ஆக்ஸில் பால்காரங்க ஓட்டுற எங்க வேன்ல இருந்து. கதவுக் கைப்பிடி எதுலேர்ந்து எடுத்தான்னு கேட்டா சிரிப்பீங்க, விட்டுருங்க. ஒர்க்ஷாப்புல அதுக்குப் பேரு பொடிசு. எழுநூத்து நாப்பது கிலோ. நாலு பேரு சேந்தா பின்பக்கத்தத் தூக்கித் திருப்பி வச்சிரலாம், வச்சிருக்கோம்.

பையிலேர்ந்து என்ன எடுக்குறீங்க? வேணாம்மா, ஓட்டும்போது காகிதத்தப் பாக்க முடியாது. என்னன்னு எனக்குத் தெரியும். மஞ்சத் தாளு, கம்பெனி முத்திரை, பொடிசோட டெஸ்ட் ரிப்போர்ட். கீழ ட்ரெவர் பர்ஸ்லோன்னு என் கையெழுத்து. பழைய பொட்டியில கெடச்சுதா உங்களுக்கு? எல்லாத்தையும் எரிச்சிருப்பாங்கன்னுல்ல நினைச்சேன்.

படிங்க. சத்தமாவே படிங்க.

ஈர ரோட்டுல பின்பக்கம் சொல்லாமக் கொள்ளாம விலகுது. டிரைவர் கையில நிக்கல. இத உற்பத்திக்கு எடுக்குறது நல்லதில்லைன்னு நினைக்குறேன். ஆமா, அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட இல்ல.

அதனாலதான் உங்க ஆளுங்க பின்பக்கத்த மாத்துறாங்களா? லேசான வண்டிக்கு அந்த மாதிரி ஆக்ஸில் ஆகாது, ஏற்கனவே ஓட்டிப் பாத்து வேணாம்னு விட்டதுன்னு. அகலமா, பெருசா, வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சு, அதுக்கேத்த மாதிரி பெரிய பேட்டரி... திங்கக்கிழமை முடிவு பண்றீங்களா? இந்தத் திங்கக்கிழமையா?

ஆமாம்மா, மறுபடி அதே சர்ச்தான். மூணாவது தடவை. நீங்க எண்ணிக்கிட்டே வாங்க.

லெஸ் கதையே முடிக்கலையே. பொடிசு நின்னுபோச்சு. இருந்த காச எல்லாம் ஒரு பெரிய கார்ல போட்டாங்க, மந்திரிமாரு ஏறுற மாதிரி நீளமா ஒண்ணு. ஒருத்தனும் வாங்கல. எண்பத்தொண்ணுல கம்பெனி கேட்டையே இழுத்துப் பூட்டுனாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு வேலை போச்சு, எங்க அண்ணன் உள்பட. லெஸ் அப்புறம் கார் பக்கமே போகல. ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா ஆயிட்டான். நல்ல வாத்தியாருன்னுதான் சொல்லுவாங்க. மாசம் ஒரு தடவையாவது நான் அவன் வீட்டுக்குப் போவேன். போனா டீ குடுப்பான், கொஞ்ச நேரம் கால்பந்து பேசுவான், அப்புறம் மேஜை டிராயரத் தெறப்பான். உள்ள நோட்டு நோட்டா இருக்கு. பொடிசோட பின்பக்கக் கணக்கு. ட்ரெவர், ஸ்பிரிங்க ரெண்டு இஞ்ச் வெளிய தள்ளியிருந்தா விலகியிருக்காதோ? எடை பின்னால அதிகமோ? நான் எங்கடா தப்பு விட்டேன்? இதையே கேப்பான். நாப்பத்தஞ்சு வருஷமாக் கேக்குறான். இப்ப எண்பது வயசு, பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுறான்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் கிளாஸத் தூக்கி என்னப் பாத்துச் சொன்னாம்மா. நீ மட்டும் அன்னைக்கு நட்புக்காகப் பொய் எழுதியிருந்தா எத்தனை பேரு அந்த வண்டியில செத்திருப்பாங்களோ, உன் நேர்மைதான்டா என்னையக் காப்பாத்துச்சுன்னு. என் பொண்டாட்டி பாலின் என் மூஞ்சியப் பாத்தா. அவளுக்கும் தெரியாது. தெரியாமலே போயிட்டா.

வண்டிய ஓரங்கட்டுறேன். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்.

நாலு நாள் ஓட்டுனோம்மா அந்தப் பொடிச. நவம்பர் மாசம், வேல்ஸ் மலை ரோடு, நாலு நாளும் மழை. லெஸ் பக்கத்துல உக்காந்து சாண்ட்விச்சுத் தின்னுக்கிட்டே வர்றான். ஒவ்வொரு வளைவுலயும் எப்படியாவது அதப் புரட்டிவிடணும்னே ஓட்டுனேன், அதானே என் வேலை. புரளவே மாட்டேங்குது. பின்னால லேசா ஆடும், ஆடறதுக்கு முன்னாடி இடுப்புல வந்து சொல்லும், நான் இப்ப ஆடப்போறேன்னு. ஸ்டீயரிங்கக் கொஞ்சம் தளத்துனாப் போதும், ஒழுங்கா வந்துரும். பால்காரன் வேனோட ஆக்ஸில்! நாங்க ரெண்டு பேரும் பைத்தியக்காரங்க மாதிரி சிரிச்சோம். என் வாழ்க்கையில அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அப்படி ஒரு வண்டி நான் ஓட்டலம்மா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கார்சைட் கூப்பிட்டாரு. கதவச் சாத்தச் சொன்னாரு. திங்கக்கிழமை டைரக்டருங்க கூடுறாங்க, பணம் ஒரு வண்டிக்குத்தான் இருக்கு, பெரிய கார்தான் கம்பெனியக் காப்பாத்தும், பொடிசு குறுக்க நிக்குதுன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு, மெரட்டவெல்லாம் இல்ல. ஹெட் டெஸ்டர் வேலை காலியாகுது ட்ரெவர், வீட்ல விசேஷம்னு கேள்விப்பட்டேன், ஒரு பக்கம் எழுதுனாப் போதும்னாரு. பேனாவையும் அவரே குடுத்தாரு. ஆனா வார்த்தை என்னுது. சொல்லாமக் கொள்ளாம விலகுதுன்னு நான்தான் எழுதுனேன். அவரு அது நல்லாருக்குன்னாரு.

ஹெட் டெஸ்டரா எத்தனை மாசம் இருந்தேன்னு கேக்காதீங்க.

எழுதிக்கிட்டீங்களா? போன்ல இருந்தா பத்தாதும்மா, காகிதத்துல எழுதுங்க. அந்த மஞ்சத் தாளோட பின்பக்கத்துலயே எழுதுங்க. இதுல இருக்குறது பொய், வண்டி நல்ல வண்டி, ஈரத்துலயும் கையில நின்னுச்சு, ட்ரெவர் பர்ஸ்லோ. தேதி போடுங்க. பேனாவக் குடுங்க. பாருங்க, அன்னைக்குப் போட்ட கையெழுத்து எவ்வளவு நேரா இருக்கு.

இதத் திங்கக்கிழமை அவங்க முன்னாடி வைங்க. வேன் ஆக்ஸிலே வைக்கச் சொல்லல, காலம் மாறிருச்சு, அது உங்க இஞ்சினியருங்க பாடு. லேசான வண்டி நிக்காதுன்னு மட்டும் யாரும் சொல்லிரக் கூடாது. என் பேரச் சொல்லிச் சொல்லிரக் கூடாது. சரி, வண்டிய எடுக்குறேன்.

வந்தாச்சு. இல்ல, பப்பு இங்க இல்லம்மா. அடுத்த தெரு. இது லெஸ் வீடு, அந்தப் பச்சைக் கதவு. இல்ல, அவனுக்கு இன்னும் தெரியாது. காலையிலயே நேரா இங்க வரணும்னுதான் கெளம்புனேன், உங்களக் கூட்டிக்கிட்டு. நீங்க கூட இருந்தா திரும்பிப் போகமாட்டேன்னு நினைச்சேன். மூணு சுத்துச் சுத்திட்டேன்ல.

ஐயோ, ஜன்னலுக்கு வந்துட்டான். வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். சிரிக்குறான் பாருங்க. கையாட்டுறான்.

நீங்களாவது ஆட்டுங்கம்மா. எனக்குக் கை வரமாட்டேங்குது.