வாசல் தட்டில் மோதிரம் வைத்த ஜெயக்கொடி அம்மாவுக்கு

எங்கள் நகராட்சியின் வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தைத் தோற்றுவித்து, தோள்கொடுத்துத் தாங்கி, இன்று பணிநிறைவு பெறும் பொறுப்பு அலுவலர் திருமதி ஜெயக்கொடி அவர்களே! கண்டிப்பையும் கனிவையும் ஒரே குரலில் வைத்திருந்தவரே! குருத்து நறுக்கும் மேசைப் பெண்கள் பதினொருவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

பெரிய அடைமொழிகளை எழுதி எழுதி அடித்தோம். எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே நடந்ததையே வரிசையாகச் சொல்கிறோம். விட்டுப்போனது இருந்தால் பொறுத்தருள்க.

வழி திறந்தவரே! ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உயிரித் தொழில்நுட்பம் வளரட்டும் என்று, பூட்டிக் கிடந்த பிரசவ விடுதியை நகராட்சி திறந்து, தண்ணீரும் மின்சாரமும் தந்து, சிறு கம்பெனிகளை அழைத்தது. வந்தவர்கள் பட்டதாரிகளை மட்டுமே மேசைக்குக் கேட்டார்கள். "கட்டடம் ஊர்க்காரங்களுது சார். பாதி மேசை எங்க வார்டுப் பொம்பளைங்களுக்கு. இல்லைன்னா சாவி கிடையாது" என்றீர்கள். தீப்பெட்டி ஒட்டிய விரல்களும் பஞ்சாலையில் நூல் முடிந்த விரல்களும் அப்படித்தான் வாழைக்குருத்தை நறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் நடப் பழகின.

விதி வகுத்தவரே! கொண்டைப்பூவையும் வளையலையும் வாசலில் எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூவில் ஒட்டிவரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பாட்டிலுக்குப் பாட்டில் பூஞ்சையைக் கொண்டுபோகும். ஆனால் எங்களில் பாதிப்பேரின் கணவர்கள் பட்டாளத்தில் இருக்கிறார்கள். பூவைக் கழற்றுவது எங்களுக்குச் சின்னக் காரியமாக இல்லை.

வெள்ளத்தாயின் மாமியார் சீனியம்மாள் வாசலில் வந்து நின்ற நாளை மறக்க முடியாது. "ஏட்டி, வெளிய வா! எம்மவன் அங்கன உசிரோட இருக்கான், நீ வெறுந்தலையோட நிக்கியே! ஏம்மா, நீங்க வேதக்காரவுக, உங்களுக்குப் பூவு பெருசில்ல. எங்களுக்கு அப்படியா?"

நீங்கள் தட்டை எடுத்துக் காட்டினீர்கள். "சர்ச்சுல எங்க வீட்டுக்காரர் போட்ட மோதிரம் ஆச்சி. அதுவும் இதுலதான் கிடக்கு. சாயங்காலம் நானும் போட்டுக்கிடுவேன், உங்க மருமகளும் வச்சிக்கிடுவா."

"அதுக்குள்ள பூவு வாடிருமே?"

"தண்ணி தெளிச்சு வைக்கேன், போங்க."

மதியந்தோறும் தெளித்தீர்கள். உங்கள் கணவரை அடக்கம் செய்த மறுவாரமும் மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டே உள்ளே வந்தீர்கள். அதன்பின் நாங்கள் பூவைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

பழி ஏற்றவரே! இந்த ஆண்டு நடந்ததை மறைத்தால் இது பாராட்டு ஆகாது. எல்லையிலிருந்து கணவரின் போன் வராத நாட்களில், எங்களில் ஒருத்தி பூவைக் கழற்றப் பயந்து, தொப்பிக்குள் ஒரு கண்ணி மல்லியை மறைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். போன் வந்தது. அதற்குள் அறை முழுவதும் பூஞ்சை. பூஞ்சை மேலும் பரவாதிருக்க, வளர்ந்த கன்று அத்தனையையும் வேகவைத்துக் கொட்டினோம். கன்றுக்குச் சொல்லி வைத்திருந்த வன்னியம்பட்டி விவசாயிகளின் நிலம் ஒரு போகம் சும்மா கிடந்தது.

இனிப் பட்டதாரிகள் மட்டுமே என்று பேச்சு எழுந்தது. விசாரணையில், "பூ வச்சது யாரு மேடம்? பேரைச் சொன்னா உங்க சர்வீஸ்ல கறை இருக்காதுல்ல?" என்று கேட்டார்கள்.

"வாசல்ல பார்க்க வேண்டியது நான். பார்க்கலை. பேரைச் சொன்னா அம்புட்டுப் பேருக்கும் கதவைச் சாத்திருவீக."

மேசைகள் எங்களுக்கே இருந்தன. உங்கள் பணிப்பதிவேட்டில், கடைசிப் பக்கத்தில், கண்டனம் ஏறியது. அதனால்தான் இன்று இந்த முற்றத்தில் மேடை இல்லை, அதிகாரிகள் எவரும் இல்லை. அவள் பெயரை இந்த மடலும் சொல்லாது.

அம்மா! பூவால் உங்களுக்கு வந்த பழிக்குப் பின், மாலை வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. உடல் நலத்தோடும் உறவுகளின் துணையோடும் நெடுங்காலம் வாழுங்கள். கண்டனத்தை நினைத்து ஓர் இரவும் விழித்திருக்காதீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறோம்.

நாளை முதல் வாசலில் நாங்கள் முறைவைத்து நிற்போம். அவளுடைய முறையும் வரும். அன்று அவள் எங்கள் கொண்டைகளைப் பார்ப்பாள், தன் கொண்டையை எங்களிடம் காட்டுவாள். மதியம் யாராவது தண்ணீர் தெளிப்போம். தட்டில் எங்கள் பூக்கள் இருக்கும். உங்கள் மோதிரம் இருக்காது.

என்றும் உங்கள் கைப்பழக்கத்தில் வேலை செய்யும்,
வெள்ளத்தாய், மாரிக்கனி, யோகேஸ்வரி, பிளஸ்ஸி
மற்றும் மேசைப் பெண்கள் எழுவர்