கூலருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்

குமணன்சாவடியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மனைவி பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ரெயின்கோட் போட்டுகினு குளிச்சா அழுக்கு போவுமாயா?"

"புதுசாச்சே, கீறல் வுயக்கூடாதுன்னு ஸ்டிக்கர வுட்டுட்டேம்மா."

"பிரிட்ஜ் கவர உரிக்கல, ரிமோட் கவர உரிக்கல, சும்மா இருந்தேன். கம்ப்யூட்டர் உள்ள, கூலருக்கு அடில ஒட்டிகினு கீற பிளாஸ்டிக்கக்கூடவா உரிக்காம மாட்டுவே? சூடு எப்டி வெளிய போவும்? பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி அணையுது!"

"அதான் ஃபேன் ஸ்பீட ஏத்தி வெச்சேனே?"

"ஏரோபிளேன் மாரி கத்துது, அவ்ளோதான். நாளிக்கு ரிசப்ஷன்ல போட வேண்டிய வீடியோ பாதிகூட எடிட் ஆவல. ஸ்கிரீன் முன்னாடி நீயே நின்னு டான்ஸ் ஆடு."

"ஊட்டுக்குப் போனதும் கழட்டி உரிச்சிடறேன்."

"உரிச்சா கூலருக்குப் புதுசா சூடு கடத்துற பேஸ்ட் தடவணும். எறங்கு, வாங்கிகினு போலாம்."

அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நானே பாகங்களை வாங்கி மாட்டிய கம்ப்யூட்டரும் அடிக்கடி அணைகிறது. நான் கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டிக்கரை உரித்த ஞாபகமே இல்லை.

என் ஸ்டாப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.