யானைக்கால் எழுத்து

நான் ஐம்பது கிலோவைத் தாண்டியதே இல்லை, ஐயா. அதனாலோ என்னவோ, நான் வரைகிற எழுத்தெல்லாம் தடியாகவே வரும்.

இரசாயன ஆலையில் லேபிள் வரைவது என் வேலை. நீங்கள் கேட்கும் அந்த எழுத்தை மூன்று வருடம் வரைந்தேன். நெடுங்கோடுகள் தூண் மாதிரி. குறுக்குக் கோடுகள் மயிரிழை. ஒவ்வொரு தூணும் தரையைத் தொடுமிடத்தில் ஒரு பாதம். மூட்டையிலோ எச்சரிக்கைப் பலகையிலோ போட்டால் தெருவின் மறுகோடியில் போகிறவனைக் கூப்பிட வேண்டும் என்று ஆசை. முதல்முறை பார்த்ததும், ஆலைக்கு லாரியில் சரக்கு கொண்டுவரும் என் மனைவியின் தம்பி கேட்டான்: “என்ன மச்சான், எழுத்துக்கெல்லாம் யானைக்கால் வந்திருக்கு?” ஆலை முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நானும் சிரித்தேன். நான் வைத்த பெயர் இப்போது எனக்கே நினைவில்லை.

துரு நீக்கும் திரவம் ஒன்று எங்களிடம் உண்டு. பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் அதற்கு எரிநீர் என்று பெயர். அதன் லேபிளுக்கு என் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மெய்ப்புப் பார்க்கும் அக்கா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், இது எரியா, ஏரியா?”

‘எ’வுக்கு நான் வைத்த பாதம் சற்றே சாய்ந்திருந்தது. சாய்ந்த கால் வைத்தால் அது ‘ஏ’. ஒன்றாம் வகுப்புப் பாடம்.

“முன்னபின்ன சேர்த்துப் படிச்சாப் புரிஞ்சிடும்க்கா.”

“கேன்ல முன்னயும் ஒண்ணும் இல்ல, பின்னயும் ஒண்ணும் இல்லையே. அந்தக் காலைக் கொஞ்சம் நறுக்குங்க சார்.”

நறுக்கிப் பார்த்தேன். வரிசையில் அது மட்டும் நொண்டியது. பழையபடியே அச்சுக்கு அனுப்பினேன். அதுவரை அது வெறும் தவறுதான், ஐயா.

குழாய் வறண்ட நாட்களில் ஏரித் தண்ணீரை அதே மாதிரிக் கேன்களில் கொண்டுவந்து, கைகால் கழுவுமிடத்தில் வைப்பார்கள். அன்று தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே எரிநீர்க் கேன் ஒன்றை யாரோ இறக்கிவைத்திருந்தார்கள். யாரோ அல்ல, நான்தான். அங்கே வெளிச்சம் நன்றாக விழும். எழுத்து எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

மைத்துனன் லாரியிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கிவிட்டு முகமெல்லாம் தூசியாக வந்தான். லேபிளை ஒருமுறை பார்த்தான்.

“ஏரிநீர்,” என்று வாய்விட்டுப் படித்தான். “பரவாயில்ல மச்சான், உங்க யானைக்காலையும் திக்காமப் படிக்க முடியுதே.”

மூன்று வருடத்தில் அந்த எழுத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல்முறை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு சொல் போதும். ஆனால் படிப்பவருக்குப் பக்கத்தில் நின்று வரைந்தவன் விளக்கம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஓர் ஒழுக்கம். அவன் மக்கில் சரித்து முகத்துக்கு நேராகத் தூக்கினான். நான் ஒழுக்கமாக இருந்தேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டது என்று மனைவி சொன்னாள். “கேலி பண்ணினதுக்கா இது?” என்றும் கேட்டாள். கேலியையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவனே அல்ல.

கேனை அங்கே வைத்தது அவன் லாரி கேட்டுக்குள் வருவதற்கு முன்பா, பின்பா என்கிறீர்கள். பின்புதான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அச்செடுத்துக் கோப்பில் வைக்கும்போது என் எழுத்தில் வேண்டாம், ஐயா. அது தலைப்புக்கு மட்டுமே ஆனது. பக்கம் பக்கமாகப் படித்தால் கண் வலிக்கும். படிப்பவர் கண் விஷயத்தில் நான் எப்போதுமே ரொம்பக் கவனம்.