இந்த வாரப் பூ என் பொறுப்பு

அந்த நாற்காலி வேண்டாம்மா, கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கமா உக்காருங்க. தலைசுத்தலா, எனக்கா? யாரு சொன்னது, என் வீட்டுக்காரரா? அவர்தானே உங்களை அனுப்பியிருக்காரு. இல்லம்மா, தலையும் சுத்தல, காதுல குரலும் கேக்கல. தூக்கமா? அவர் கோவிச்சுக்கிட்டு மகனையும் கூட்டிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனதுலேருந்து வீட்ல குறட்டைச் சத்தம் இல்ல, இன்னும் நல்லாவே தூங்குறேன். டீ குடிக்கிறீங்கதானே? ஏம்மா, ரெண்டு டீ!

குறிச்சுக்கணும்னா குறிச்சுக்கோங்க டாக்டர். டாக்டர் இல்லையா, கவுன்சிலரா? சரி, வாய்ல டாக்டர்னு வந்துடுச்சு, அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னுதானே கேட்டீங்க?

எங்க சபைல கல்யாணம்னா மூணு ஞாயிறு ஆராதனைல அறிவிப்பு வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இது நடக்கக்கூடாதுன்னு யாருக்காவது காரணம் தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கன்னு. நான் பாக்க யாரும் வாயத் திறந்ததே கிடையாது. போதகரும் பதில் வரும்னு நெனச்சுக் கேக்கறதில்ல. அதே மூச்சுல, அடுத்த வாரம் பீடத்துக்குப் பூ வைக்கிறது யாருன்னு போயிடுவாரு. போன ஞாயிறு என் மகனோட ரெண்டாவது அறிவிப்பு. நான் எழுந்து நின்னேன். ஆமாம்மா, பெத்தவளேதான்.

எனக்குத் தெரியும் ஐயான்னேன். கண்ணாடிக்கு மேல பாத்தாரு. எனக்குப் புழுக்கம்னு நெனச்சு ஃபேனைப் போடச் சொன்னாரு. போட்டாங்க. நான் உக்காரல. காரணம் எனக்குத் தெரியும் ஐயான்னு இன்னும் சத்தமாச் சொன்னேன். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? ரொம்ப நன்றிம்மா, அடுத்த வாரப் பூ உங்க பொறுப்புன்னாரு. சபையே கை தட்டுச்சு! மகன் கல்யாணத்தை நிறுத்த எழுந்தவளைப் பூ வைக்கிறவளா ஆக்கிட்டாங்க. சிரிங்கம்மா, ஏன் அடக்கறீங்க? நானே வீட்டுக்கு வந்து சிரிச்சேன். அப்புறம்தான் அழுதேன். கல்யாணப் பொண்ணு பாடகர் குழுல நின்னுட்டிருந்தா. அவ மட்டும் கை தட்டாம என்னையே பாத்துட்டிருந்தா.

காரணமா? சொல்றேன். மகனுக்கு வெளியூர்ல வேலை. ரூம்ல கூட ஒரு ஆள் தங்கியிருக்குன்னு சொல்லிட்டிருந்தான். ஆளுன்னா ஆம்பளைன்னு நான் நெனச்சுக்கிட்டது என் தப்பாம். மொத அறிவிப்பு வாசிச்ச வாரம் அந்த ஆள் வந்து இந்தக் கதவைத் தட்டுச்சு, இடுப்புல ஒரு பெண் குழந்தையோட. ட்ரெய்னிங்னு சொல்லிட்டு வந்தாரு, இப்ப ஃபோனே எடுக்க மாட்டேங்கறாருன்னு நின்னா பாவம். குழந்தை என்னைப் பாத்து நெத்தியைச் சுருக்குச்சு. அப்படியே என் மகன். பால் வேண்டாம்னு அடம் பிடிக்கிறப்ப அவன் இப்படித்தான் சுருக்குவான்.

அவனையே கேட்டேன். பொய் சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டுட்டு முடிச்சிருப்பேன், அதுவும் சொல்லல. அம்மா, எங்களுக்குள்ள ஒரு புரிதல் இருந்துச்சு, இப்ப முடிஞ்சிடுச்சுன்னான். முடிஞ்சது அவளுக்குத் தெரியுமாடான்னேன். அது அவளோட பார்வைம்மான்னான். பார்வையாம்! இவன் என்ன கண் டாக்டரா?

என் வீட்டுக்காரர் சபைக் கமிட்டி செயலாளர், சாதாரண ஆளில்ல. வீட்டுக்கு வீடு வாசப்படி, யாரு யாரை நியாயம் தீர்க்கறது, அன்புதான் முக்கியம்னாரு. சரி, அந்த அன்பைக் குழந்தையோட வந்து நிக்கிற இந்தப் பொண்ணு மேல காட்டுங்கன்னேன். கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாரு. ஜன்னலோர சீட்டாப் பாத்துக் குடுத்தாராம்.

போதகர்கிட்டயும் போனேன். உண்மைக்குப் பல முகம் இருக்கும்மான்னாரு. நான் ஒரு முகத்தைத்தான் ஐயா பாத்தேன், அதுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சுன்னேன். சட்டப்படி அது தடை ஆகாதுன்னாரு. நீங்க சட்டத்தையா கேக்கறீங்க, காரணம் தெரியுமான்னுதானே கேக்கறீங்கன்னேன். ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் மனசுல சமாதானம் குடுப்பாருன்னு அனுப்பிட்டாரு.

இந்தச் சமாதானம்தான்மா எனக்குப் புரியல. என் வீட்டுக்காரருக்கு வந்துடுச்சாம். மகனுக்கு முன்னாடியே வந்துடுச்சு. போதகருக்கு எப்பவும் இருக்கு. பல்லு புடுங்க ஊசி போட்டா வாய் முழுக்க சமாதானமாத்தான் இருக்கும், அதுக்காகச் சொத்தைப் பல்லு நல்ல பல்லாயிடுமா? நானும் முட்டி போட்டேன். ஜெபம் பண்ணப் பண்ண எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. இதுதான் பதில் போலன்னு எழுந்துட்டேன்.

இங்க வெச்சுட்டுப் போம்மா. குடிங்க டாக்டர், ஆறிடும்.

பொண்ணு வீட்டுக்கும் போகாம இல்ல. அவங்க அம்மா வாசல்லயே, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னாங்களே, ரெஸ்ட் எடுங்கன்னு கதவைச் சாத்திட்டாங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுக்கு எத்தனை பேரு கை குடுக்கறாங்க பாருங்க.

மகன் மேல கோவமா? கோவம் இல்லாம? ஆனா காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்மா. அவன் கல்யாணத்துல மொத வரிசைல உக்காரணும்னு எனக்கு ஆசை இல்லையா? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு அந்தக் கல்யாணப் பொண்ணு தலையைக் குடுக்கறதைப் பாத்துட்டு இருந்தா, அப்புறம் எந்த மூஞ்சியோட நான் முட்டி போடுவேன்? நானும் மூடி மறைச்சா அவனுக்குத் தப்புன்னு சொல்ல உலகத்துல யாரு மிச்சம்?

சரி, அழல. வர்ற ஞாயிறு மூணாவது அறிவிப்பு. அன்னிக்கு நான் வீட்லயே ரெஸ்ட் எடுக்கணும்னு எழுதிக் குடுங்கன்னு என் வீட்டுக்காரர் கேட்டிருப்பாரே? தெரியும். தாராளமா எழுதுங்க. ஆனா பூ என் பொறுப்பு, போதகரே மைக்ல சொல்லி சபையே கை தட்டினது. பூவோட பீடத்துப் பக்கம் நிப்பேன், பாடகர் குழுவுக்கு நேர் எதிர்ல. இந்தத் தடவை நான் எதுவும் பேசப் போறதில்ல.

பூக்கூடை கனமா இருக்கும், தூக்க ஒரு ஆளும் பாத்தாச்சு. யாரா? உங்களுக்கு டீ குடுத்துட்டுப் போனாளே, அவதான். ஃபோன் பண்ணி நான்தான் திரும்ப வரச் சொன்னேன். சபைக்கு வர்றது உனக்கு இஷ்டம் இருந்தாத்தான்னேன். மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத் திரிய நான் என்ன திருடியான்னு கேட்டா. என் வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லிக்கலாம், மறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஐயோ, பயப்படாதீங்க, உங்க பையை இழுக்கறது பூனை இல்ல. என் பேத்தி. இங்க வாடி குட்டி, ஆன்ட்டியைப் பாரு. பாத்தீங்களா, நெத்தியைச் சுருக்கறா. அதோ உங்களுக்கு நேரா சுவத்துல என் மகன் சின்ன வயசு போட்டோ. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா. இது என்னோட பார்வைதானா, உங்களுக்கும் தெரியுதா?