ஜெயராணியின் தகடும் நான் எடுத்த பிசிறும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பட்டறை உரிமையாளர் தம்பி செம்பியன் அவர்களே! சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹேமசபேசன் ஐயா அவர்களே! தாயை இழந்து நிற்கும் மகள் வினோதினி அவர்களே! அரை நாள் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் மரவேலைத் தோழர்களே! உப்புத்தாள் பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் என் சகோதரிகளே! செம்மண்டலத்துப் பெரியோர்களே! அனைவருக்கும் இந்தக் கண்ணாயிரத்தின் பணிவான வணக்கம்.

நான் இந்தப் பட்டறையில் நாற்பத்தோரு வருடமாகத் தச்சன். அதில் பாதிக் காலம் தலைமைத் தச்சன். கதவு செய்யச் சொன்னால் செய்வேன், மேடையில் பேசச் சொன்னால் ஓடிவிடுவேன். ஆனாலும் முதல் ஆளாகப் பேசுகிறேன் என்று நானே செம்பியனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் ஜெயராணி அவர்களுக்கு நான் செய்த ஒரு காரியத்தை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும், அவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். சிரியுங்கள், தப்பில்லை. அழுதுகொண்டே கேட்டால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது.

வெளியே ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் ‘மெருகுக்கலை அரசி’ என்று பட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்துக்கு அவர் தகுதியானவர்தானா? நூற்றுக்கு நூறு தகுதியானவர்! ஆனால் அவர் கண்ணில் பட்டிருந்தால், “அரசியா? அரசி யாராவது நகத்துல இவ்ளோ அழுக்கு வச்சிருப்பாளா?” என்று கேட்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மகளோடு உட்கார்ந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர், அப்படியே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அறுபத்திரண்டு வயது. மூச்சுத் திணறல் இல்லை, இருமல் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஒன்பது வருடத்துக்கு முன்பு இன்னொரு டாக்டர் அவருக்குச் சொன்ன சாவு இது அல்ல! அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு மரம் காடாம்புலியூர் பக்கமிருந்து வருகிறது. பலா மரம். பார்க்கப் பொன் மாதிரி இருக்கும், வேலைக்கு எடுத்தால் நம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நார் ஓடும், அடுத்த விரற்கடை அந்தப் பக்கம் ஓடும். இழைப்புளியைத் தள்ளினால் பாதி வழுவழுப்பாகும், மீதி பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த இடத்தைச் சரிசெய்ய என்ன வழி? உப்புத்தாளை வைத்துத் தேய்க்க வேண்டியதுதான். தேய்க்கிறவர்கள் யார்? நாங்களா? இல்லை! ஜெயராணி போன்ற பெண்கள். காலையில் வெள்ளைப் புடவையில் வந்தால் மாலையில் மஞ்சள் புடவையில் போவார்கள். தலையில் மஞ்சள், இமையில் மஞ்சள், துப்பினால் மஞ்சள். பதிமூன்று வருடம் அந்தத் தூளை அவர் உள்ளே இழுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் இருமல் நிற்காமல் போய் டாக்டரைப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் தூளில் ஒரு வருடம் உட்கார்ந்தால் அடுத்த வருடம் ஆக்சிஜன் குழாயோடுதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். செம்பியனும் நல்ல மனதோடுதான், “வேலய வுட்டுட்டு வீட்ல இருங்கக்கா” என்றார். அன்றைக்கு ஜெயராணி சொன்ன பதில் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

“தூளத்தான் வுடச் சொன்னாரு டாக்டரு. வேலய வுடச் சொல்லல தம்பி.”

தூள் இல்லாமல் பலாவை வழுவழுப்பாக்குவது எப்படி? எங்களுக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வினோதினியின் செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரத்தைச் சுரண்டும் வீடியோ. அவர் பேசிய இங்கிலீஷ் அம்மாவுக்கும் புரியவில்லை, வேகத்தில் மகளுக்கும் பாதிதான் புரிந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாராம்.

கருவி என்று பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, தோழர்களே! சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்கு ஒரு எஃகுத் தகடு. ஸ்கிரேப்பர் என்று பேர். பழைய ரம்பத்திலிருந்து வெட்டிக்கொள்ளலாம். ஓரத்தை அரத்தால் நேராக ராவ வேண்டும். தீட்டுக்கல்லில் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு கெட்டியான உருண்டைக் கம்பியை ஓரத்தில் அழுத்தி இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு வளைந்து நிற்கும். அந்தப் பிசிறுதான் மரத்தைச் சீவும். இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்து, கட்டைவிரலால் நடுவில் வளைத்து, சாய்த்துத் தள்ளினால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சுருளாக வரும். சுருள் வந்தால் தகடு கூர்மையாக இருக்கிறது. தூள் வந்தால் பிசிறு போய்விட்டது, மறுபடி தீட்ட வேண்டும். அவ்வளவுதான்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நமக்குக் கண்ணாடிச் சில்லு இல்லயா? அத்த வச்சி எங்க அப்பன் காலத்துலயே சுரண்டியாச்சு. தகட வச்சிப் பெரிசா இன்னா கிழிக்கப் போற?” என்றேன். செம்பியன் என்னைவிடப் பெருந்தன்மைக்காரர். ஒரு மாதம் முயற்சி செய்யட்டும் என்றார். ஒரு மாதத்தில் சுருள் வந்தால் பட்டறையில் இருக்கலாம், வராவிட்டால் வீடு.

சேத்தியாத்தோப்பில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அவருடைய கொழுந்தனாரிடம் போய், பழைய என்ஜின் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். பிசிறு வளைக்க அதன் தண்டுதான் கம்பி. பகலில் தீட்டுக்கல்லும், தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானும் எங்கள் கையில் இருக்கும். அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல், எல்லோரும் முகம் கழுவப் போன பிறகு, தகட்டைத் தீட்டுவார். மரத்தில் வைத்துப் பார்க்க நேரம் இருக்காது, மேசைமேல் வைத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுவார். காலையில் வந்து மரத்தில் வைப்பார். தூள் வரும். மறுநாள் காலை? தூள். அதற்கு மறுநாள்? தூள்! மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பகலெல்லாம் உப்புத்தாள் தேய்த்துவிட்டு, மாலையில் மறுபடி தீட்டுவார்.

இங்கேதான் நான் வருகிறேன்.

பட்டறையைப் பூட்டுவதற்கு முன்னால் எல்லாக் கருவிகளின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். உளியில் பிசிறு இருந்தால் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து எடுத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். தச்சனுக்குப் பிசிறு என்றால் அசிங்கம். கண்ணாயிரம் பட்டறையில் பிசிறுள்ள கருவி கிடையாது என்று கடலூர் முழுக்கப் பேர். அந்த அம்மாவின் தகட்டையும் தடவினேன். பிசிறு! ஐயோ பாவம், தீட்டக்கூடத் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டேன். சொன்னால் மனசு நோகும் என்று சொல்லவும் இல்லை. கல்லில் வைத்து அழகாக, சுத்தமாக எடுத்துவிட்டேன்.

ஒரு நாள் இல்லை. இருபத்திரண்டு நாள்!

அவர் சாயங்காலம் பெற்ற பிள்ளையை நான் பூட்டும் நேரத்தில் கொன்றுகொண்டிருந்தேன். காலையில் தூள் வரும்போது பக்கத்தில் நின்று, “ஒன்னால ஆவாதும்மா, வுட்டுடு” என்று அறிவுரையும் சொன்னேன். இருபதாவது நாள் செம்பியனிடம் போய், அந்த அம்மாவுக்கு வீண் ஆசை காட்டாதே, அனுப்பிவிடு என்று சொன்னவனும் நான்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் யார்மேல் பழி போட்டார்? முதலில் தன் கைமேல். பிறகு எஃகின்மேல். மூன்று ரம்பம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் கடற்காற்றின்மேல்! “சாயங்காலம் வெரல்ல படுதுண்ணே, காலைல காணோம். நம்மூருக் காத்துல உப்பு ஜாஸ்தி, அதான் பிசிறத் தின்னுடுது” என்றார். நானும் யோசித்துப் பார்த்து, இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினேன். சத்தியமாக நம்பினேன், ஐயா!

இருபத்து மூன்றாவது நாள், உப்புக் காற்று படாமல் இருக்கட்டும் என்று தகட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை தகட்டை மரத்தில் வைத்துத் தள்ளினார். சுருள் வந்தது! பலா மரத்தில், எதிர் நாரில், ஒரு முழ நீளத்துக்குச் சுருள்! தேய்க்கிற பெண்கள் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். ஒருவர் அதை எடுத்துத் தலையில் பூ மாதிரி செருகிக்கொண்டார். அன்றைக்கெல்லாம் ஜெயராணி எங்களுக்கு உபதேசம் செய்தார்: “எல்லாரும் உளிய எண்ணத் துணில சுத்தி வைங்க, கடல் காத்து பொல்லாதது!” நானும் என் உளிகளைச் சுற்றி வைத்தேன்.

நான்கு நாள் கழித்து, எப்படித்தான் தீட்டுகிறாய், காட்டு என்று கேட்டேன். ஆசையாகக் கொடுத்தார். கட்டைவிரலால் தடவினேன். பிசிறு பட்டது. என் கை என்னைக் கேட்கவில்லை. தானாகவே தீட்டுக்கல்லுக்குப் போய்விட்டது.

“அண்ணே! கைய எடுங்க!”

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவர் என் கையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கத்தியிருக்கலாம். செம்பியனைக் கூப்பிட்டு முறையிட்டிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் தகட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் என்ன செய்தார்?

“அந்தக் கடல் காத்துக்குப் பேரு கண்ணாயிரமா?” என்றார்.

பிறகு சிரித்தார் பாருங்கள்! சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். ஒன்பது வருடமாக என்னைக் ‘கடல் காத்து’ என்றுதான் கூப்பிட்டார். அவர் சொல்லி நீங்கள் எல்லோரும் கூப்பிட்டீர்கள். என் வீட்டுக்காரிகூடக் கூப்பிடுகிறாள்!

அன்று மாலை நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பெல்லாம் வேணாம்ணே. ஒக்காருங்க, கத்துக்குங்க” என்றார். உட்கார்ந்தேன். தோழர்களே, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இன்றுவரை சரியாக வரவில்லை. நாற்பது வருடம் பிசிறு எடுத்த கைக்குப் பிசிறு வைக்கத் தெரியவில்லை. கம்பியை நான் ஜாஸ்தி சாய்ப்பதாகச் சொல்வார், ஜாஸ்தி அழுத்துவதாகச் சொல்வார். கட்டைவிரல் சுட்டால் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்ளச் சொல்வார். என்னைத் திட்டாமல் ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒன்பது வருடத்தில் அவருடைய இருமல் குறைந்தது. படிக்கட்டு ஏறினார். சம்பாதித்தார். மகள் வினோதினி இன்று கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அதற்குமேல் ஒரு வாழ்க்கைக்கு என்ன வேண்டும்? நான் துக்கப்படத்தான் வந்தேன். ஆனால் எண்ணிப் பார்த்தால் மனசு நிறைந்துதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் நிறையவில்லை. அன்றைக்குத் தகடு ஜெயராணி ஒருவர் கையில்தான் ஏறியது. மற்ற நான்கு சகோதரிகள் இன்னும் உப்புத்தாளில்தான் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் பலமுறை கேட்டார். பகலில் கல்லும் பிடிப்பானும் ஓய்வாக இல்லை என்று சொன்னவன் யார்? நானேதான். சரக்கு போக வேண்டும், பெண்கள் தீட்டிக்கொண்டிருந்தால் வேலை நிற்கும் என்றேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். செம்பியனிடம் பேசிவிட்டேன். நாளை முதல் தினமும் காலையில் வேலை தொடங்கியதும் இரண்டு மணி நேரம் தீட்டுக்கல் அவர்களுடையது. தச்சர்கள் காத்திருப்போம். ஜெயராணி எனக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்கு அப்படியே சொல்வேன். தம்பி செம்பியன் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். ஹேமசபேசன் ஐயா வீட்டுப் பூஜை அறைக்குப் பலாவில் இரட்டைக் கதவு செய்துகொண்டிருக்கிறோம். நான்கு பலகை. சனிக்கிழமை மாலை ஜெயராணி மூன்றாவது பலகையை முடித்துவிட்டுப் போனார். நான்காவது அப்படியே கிடக்கிறது. வெளியே மிஷினில் கொடுத்துத் தேய்த்து முடித்துவிடலாமா என்று பட்டறையில் ஒரு பேச்சு வந்தது. செய்தி கேட்டு அன்றைக்கே வந்த ஐயா, “அவசரமே இல்லை. அந்த அம்மா எப்படிப் பண்ணிண்டிருந்தாளோ, அப்படியே பண்ணிக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெரிய மனசுக்கு என் நன்றி.

ஐயா, அந்தப் பலகையை நான் செய்கிறேன். ஜெயராணியின் தகடு மகளிடம் இருக்கட்டும், நான் எனக்கு ஒன்று வெட்டிக்கொண்டேன். தூள் வந்தால் நிறுத்துவேன், மறுபடி தீட்டுவேன். எத்தனை நாள் ஆனாலும் உப்புத்தாளைத் தொட மாட்டேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விளக்கேற்றிவிட்டுக் கதவைத் தடவிப் பார்த்தீர்களானால், மூன்று பலகையில் கை வழுக்கிக்கொண்டு போகும். நான்காவதில் அங்கங்கே தட்டும். யார் இவ்வளவு மோசமாகச் செய்தது என்று உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கடலூர் செம்மண்டலம் தலைமைத் தச்சன் கண்ணாயிரம் என்று தயங்காமல் என் பேரைச் சொல்லுங்கள். மற்ற மூன்றையும் செய்தது யார் என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். அப்போது ஜெயராணி என்று சொல்லுங்கள்.