ஊறின பர்லி இலை

— எனக்குச் சரியா ஞாபகம் இல்ல நடீன் அக்கா. ஜாடில இலை மூணு வாரம் ஊறுச்சோ, நாலு வாரமோ.

— நான் அதையா கேட்டேன் ட்வைட்? பதினாலாம் தேதி ஆபரேஷன் ஏன் நின்னுபோச்சுன்னு கேட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணி, எனக்குக் கிட்னி குடுக்கிறவர் இப்போதைக்குத் தகுதி இல்லன்னாங்க. காரணம் சொல்ல மாட்டாங்களாம். நீ ஜாடிக் கதை சொல்ற.

— ஜாடிதான் காரணம். என் ரத்தத்துல நிகோடின் இருக்காம், அது இருந்தா கிட்னி எடுக்க மாட்டாங்களாம்.

— சிகரெட்டை விட்டு ஆறு மாசம்னியே.

— விட்டாச்சு. எசன்ஸைச் சூடாக்கி ஆவியா இழுக்கிற வேப் மட்டும்தான். அதுவும் நிகோடின் இல்லாதது.

— இங்க ஜாடி ஜாடியா வரிசையா நிக்குதே, பழைய எஞ்சின் ஆயில் கலர்ல, அதுவா?

— நம்ம கொட்டகைல காஞ்ச பர்லிப் புகையிலை. நரம்பை உருவிட்டு, பொடியா நறுக்கி, கிளைகால்ங்கிற வேப் திரவத்துல ஊறவெச்சு, இளஞ்சூட்டு வெந்நீர்ல ஜாடியோட வெக்கணும். அப்புறம் காபி வடிகட்டுற தாள்ல மூணு தடவை. அவசரப்பட்டா வேப்ல சூடாகுற கம்பில கரி பிடிச்சிடும்.

— பெரிய விஞ்ஞானி. பள்ளிக்கூடத்துல தவளையை அறுக்கச் சொன்னதுக்கு மயங்கி விழுந்தவன். கடைல நிகோடின் பூஜ்யம்னு போட்டு விக்கிறானே, அது துரைக்குத் தொண்டைல இறங்காதா?

— அது நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். கேளு, இதுல நான் நிகோடின் ஒரு சொட்டு சேர்க்கல.

— சேர்க்கலயாம். பன்னிக்கறியை வேகவெச்சு சூப் எடுத்துட்டு, கொழுப்பு சேர்க்கலன்னு சொல்ற ஆளுடா நீ.

— வாசனை மட்டும்தான் இறங்கும்னு...

— இலைகிட்ட சொல்லிவெச்சியா? வாசனை மட்டும் வெளிய வா, மத்ததெல்லாம் உள்ளயே இருன்னு?

— மூணு மாசம் கழிச்சுத் திரும்ப ரத்தம் எடுப்பாங்களாம்.

— மூணு மாசம். வாரத்துல மூணு நாள் அந்த டயாலிசிஸ் நாற்காலில என் ரத்தம் குழாய்ல சுத்துது. பக்கத்து நாற்காலி கிழவர் போன வாரத்துலேர்ந்து வரல. யாரும் எங்கேன்னு கேக்கல. எனக்குப் பொருந்தினது உன் ஒருத்தன் கிட்னிதான். அது உன்கிட்டப் போய் மாட்டுச்சு பாரு.

— திட்டிக்கோ.

— திட்டாம? சர்ச்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, அக்காவுக்கு நான் தர்றேன்னு சொன்ன. பாஸ்டர் அழுதாரு. அதுக்கப்புறம் ஒரு மாசம் உன் வாசல்ல சாப்பாட்டுத் தட்டா வந்து குவிஞ்சுச்சு. தின்னேல்ல?

— நான் யாரையும் கொண்டுவரச் சொல்லல.

— ஆனா தின்ன. இப்ப அந்த ஊருக்கு என்ன சொல்லப்போற? ஜாடி ஏமாத்திடுச்சுன்னா?

— ஆஸ்பத்திரில முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்வேன்.

— பதினாலு வயசுல, பனி காயுறதுக்கு முன்னாடி புகையிலைப் பூ கிள்ளப்போயி, சட்டையெல்லாம் நனைஞ்சு, அன்னிக்குப் பூரா வாந்தி எடுத்தியே. அப்பா என்ன சொன்னாரு? இலைல இருக்கிற நிகோடின் தோல் வழியா ஏறிடுச்சுன்னாரு. வெறும் பனித்தண்ணில இறங்குறது, நாலு வாரம் ஊறினா இறங்காதா? புகையிலை விளையுற நம்ம கென்டக்கில நடக்கப் பழகுற குழந்தைக்கும் அது தெரியும். உனக்குத் தெரியாது. ஏன் ஜன்னலையே பாக்குற? உன்னைத்தான் கேக்குறேன்.

— தெரியும்க்கா. டெஸ்ட்ல மாட்டி ஆபரேஷன் நிக்கட்டும்னுதான் ஊறவெச்சேன்.