தோர்ஜிக்கு என்ன நட்சத்திரம்?

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். யார் தயவும் இல்லாமல் வேங்கிக்காலில் மாடி வீடு கட்டியிருக்கிறேன். பூட்டானில் உண்டாகும் மின்சாரம் நம் நாட்டுக்கு வர, ஊர் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பனி மலையில் டவர் நிறுத்தியிருக்கிறேன். போன வாரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், கோயிலுக்குப் போகும் இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“யக்கா, பூட்டான்காரருக்கு என்ன நட்சத்திரம் சொல்றது?”

“எந்தப் பூட்டான்காரரு?”

“டவர் வேலைல என் புள்ள குளுர்ல வெறச்சி வுழுந்தான்ல? முதுகுல தூக்கினு போயி, அடுப்பாண்ட படுக்கவெச்சி காப்பாத்தினாரே, தோர்ஜின்னு. அவரு பேருக்கு அர்ச்சனை வேண்டிகினேன்.”

“ஐயரு வாய்ல அந்தப் பேரு நொழையுமாடி?”

“சிரிக்காதக்கா. தண்ணி அவங்களுது, மலை அவங்களுது, கரண்டு நமக்கு வருது. அது பத்தாதுன்னு என் புள்ளையையும் குடுத்தாங்க. நட்சத்திரம் சொல்லாம பண்ணா அவருக்குப் போய்ச் சேருமான்னு பயமா இருக்குது.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“உன் புள்ள கண்ணு முழிச்ச அன்னிக்கு என்ன நட்சத்திரமோ, அதையே சொல்லு. சாமிக்குப் புரியும்.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று பனியில் ஓடிப்போய்த் தோர்ஜியைக் கூட்டிவந்த மேஸ்திரி நான்தான். அர்ச்சனையில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். என் நட்சத்திரம் ரோகிணி.